எஃப் செவன் எதுக்கு?

"சேவ் பண்ண எஃப் செவன். மாத்த முடியாது."

சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார் புரோகிராமர்.

டிசைனர் பெண் மேனேஜரைப் பார்த்தாள். "சார், உலகம் பூரா கன்ட்ரோல் எஸ். இவருக்கு மட்டும் எஃப் செவன்."

"உலகம் பூரா ரெண்டு விரலை வீணாக்குது. அதுக்கு நான் என்ன பண்ண?"

அந்தப் பார்சல் கம்பெனியில் அவருக்கு 'தீர்ப்பு' என்றுதான் பெயர். யார் எதை வாங்கினாலும் அவரிடம் காட்டாமல் இருக்க முடியாது. காட்டினால் நிம்மதியாக இருக்க முடியாது.

டெலிவரி சூப்பர்வைசரின் புது வாட்சைப் பார்த்து, "தினம் சார்ஜ் ஊட்டணும்னா அது வாட்ச் இல்ல சார், கைக்குழந்தை" என்றார்.

மடிக்கிற போனைப் பார்த்து, "மடிச்சு வைக்க இது என்ன போர்வையா?" என்றார்.

மேனேஜரின் லேப்டாப்பையும் விட்டுவைக்கவில்லை. "நல்ல ஓ.எஸ். வீட்டு அஸ்திவாரம் மாதிரி. இருக்கறதே தெரியக் கூடாது. உங்களோடது வாரம் ஒரு தடவை, என்னைப் புதுப்பிச்சாதான் ஆச்சுன்னு நடுவீட்டுல உக்காந்து அடம்பிடிக்குது."

இப்போது பார்சல் புக்கிங்குக்கு அவரே ஒரு சாஃப்ட்வேர் எழுதியிருந்தார்.

"எஃப் செவன் போகட்டும்," டிசைனர் விடவில்லை. "முதல்ல போற ஊர், அப்புறம் எடை, கடைசியில அனுப்பறவர் பேர். யாராவது இப்படிக் கேப்பாங்களா? காரணமாவது சொல்லுங்க."

"எனக்குப் பிடிச்சிருக்கு."

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "இவரோட மல்லுக்கட்டினா விடிஞ்சிடும். இருக்கறபடியே இருக்கட்டும்மா. வெள்ளிக்கிழமை டெஸ்ட்டுக்கு ஓடினா போதும்."

டெஸ்ட் சாஃப்ட்வேருக்கு மட்டும் இல்லை. கவுன்டரில் உள்ள நாலு பேரும் அரை மணியில் இருபது பார்சல் பதிய வேண்டும். முடியாதவருக்குக் குடோன். "கவுன்டர்ல சுறுசுறுப்பான முகங்க வேணும்" என்று மேனேஜர் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்.

மூன்று பேர் இளவட்டங்கள். குறி யாருக்கு என்பது எல்லோருக்கும் தெரியும்.

புக்கிங் அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி, அதே கறுப்புத் திரை. முட்டி தேய்ந்துவிட்டது. குடோனில் நாள் முழுக்க நிற்க வேண்டும்.

புது சாஃப்ட்வேரை வெள்ளிக்கிழமை காலையில்தான் ஏற்றுவார்கள். அதுவரை டிசைனர் அச்சடித்த படங்களை வைத்துத்தான் பயிற்சி. எஃப் செவனையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள் என்று அவள் பட்டன்களை மட்டும் படத்தில் போட்டிருந்தாள்.

"அக்கா, மவுஸை இப்படி நகர்த்தி, இந்தப் பச்சை பட்டனை அழுத்தணும்."

"இந்த எலி கைக்கு அடங்க மாட்டேங்குதும்மா. நீ நல்லாத்தான் சொல்லித் தர்ற. எனக்குத்தான் ஏறல." அக்கா சிரிக்கப் பார்த்தார். "நின்னு பார்க்கற வேலைக்கு என் முட்டி ஒத்துக்காது. வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

டிசைனர் நேராகப் புரோகிராமரின் மேஜைக்குப் போனாள்.

"உங்க பிடிவாதத்துக்கு அந்த அக்கா வேலை போகப் போகுது. கொஞ்சமாவது இரக்கம் இருந்தா எல்லாரும் வைக்கற மாதிரி வைங்க."

"நான் புரோகிராம் எழுதறவன். இரக்கம் எல்லாம் எச்.ஆர். டிபார்ட்மென்ட்."

வெள்ளிக்கிழமை. அக்காவின் முன்னால் வெள்ளைத் திரை, கலர் கலராகப் பட்டன்கள். மவுஸின் அம்புக்குறி பச்சைப் பட்டனைத் தாண்டி ஓடியது. இழுத்து வந்தார், மறுபடி ஓடியது. ஆறு நிமிடத்தில் ஒரு பார்சல். மேனேஜர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

புரோகிராமர் பின்னால் வந்து நின்றார்.

"அக்கா, மவுஸை விடுங்க. ஸ்கிரீனைப் பார்க்காதீங்க. பார்சலைப் பார்த்து வழக்கம்போல அடிங்க."

"பார்க்காம எப்படி அடிப்பாங்க? இருக்கற பயம் போதாதா அவங்களுக்கு?" டிசைனர் சீறினாள்.

அக்கா அடுத்த பார்சலைத் திருப்பினார். ஊரை அடித்தார். எடை. பேர். விரல் தானாக மேல் வரிசைக்குப் போய் ஒரு கீயைத் தட்டிவிட்டு வந்தது.

பதிவாகிவிட்டது.

அக்கா ஒரு கணம் தன் விரலையே பார்த்தார். பிறகு யாரையும் பார்க்கவில்லை. ஊர், எடை, பேர், தட்டு. ஊர், எடை, பேர், தட்டு. இருபதாவது பார்சலைத் தள்ளி வைத்தபோது இன்னும் எட்டு நிமிடம் பாக்கி இருந்தது.

"தம்பி, இது நம்ம பழசேதானே? சட்டை மட்டும் மாத்தியிருக்கு."

"பேசாம தண்ணி குடிங்கக்கா."

டிசைனர் மூலையில் கழற்றி வைத்திருந்த பழைய கம்ப்யூட்டருக்கு வயரைச் செருகினாள். வேலைக்கு வந்த நாலு மாதத்தில் அவள் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் வந்தன. முதலில் போற ஊர். அப்புறம் எடை. கடைசியில் அனுப்புபவர் பெயர். சேவ் பண்ண எஃப் செவன்.

புரோகிராமரின் மேஜைக்குத் திரும்பி வந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"அன்னிக்கு மீட்டிங்லயே சொல்லியிருக்கலாமே. நான் உங்க பக்கம் பேசியிருப்பேன்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அக்காவுக்காகன்னு சொல்லியிருந்தா மேனேஜர் அங்கேயே மாத்த வெச்சிருப்பார்மா. திமிருன்னு நினைச்சதாலதான் விட்டுட்டார்."