போனவர்கள் திரும்பவில்லை

"அந்த டிரைவரைப் போட அனுப்பின மூணு பேரையும் முழுங்கிட்டான்டா. நீயாவது முடிச்சிட்டு வா. வெறுங்கையோட வந்தே, அந்தக் கையும் இருக்காது!" என்று சொல்லித்தான் முதலாளி மொட்டையை வெளிநாட்டுக்கு விமானம் ஏற்றினார்.

எனவே மொட்டை பேச்சே வைத்துக்கொள்ளவில்லை. கடற்கரை வீட்டின் கதவை உதைத்துப் பெயர்த்தான். முதலாளிக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டு ஓடிவந்த டிரைவரின் மூக்கை உடைத்தான். தலையைப் பிடித்து ஜன்னலில் மோதினான். கண்ணாடி போனதும் கடல் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

"வருஷம் பூரா இப்படித்தானா?"

"மழையில இன்னும் அழகுண்ணே," என்று ரத்தம் துப்பினான் டிரைவர்.

வயிற்றில் ஒரு குத்து. "வாடகை?"

"கம்மிதாண்ணே."

இன்னொரு குத்து, சற்று மெதுவாக. "பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம்?"

"நடக்குற தூரம்."

மொட்டை சுதாரித்துக் கத்தியைக் கழுத்தில் வைத்தான். "என்னையே மயக்குறியா? முன்னாடி வந்தவனுங்களை எங்கடா புதைச்சே?"

வாசலில் அரை டிராயரும் பூப்போட்ட சட்டையுமாக மூன்று பேர், கையில் மீனோடு நின்றார்கள்.

"கத்தியை இப்படிக் குடு மச்சான், மீன் வெட்டணும். கதவை நீதான் மாத்தித் தரணும், நாங்களும் மாத்தினோம். கடைசி வீடு உனக்கு."

"முதலாளி விடுவாரா?"

"அனுப்ப ஆள் தீர்ந்தா அவரே வருவார்ல? எதிர் வீட்டை அவருக்குத்தான் பிடிச்சு வெச்சிருக்கோம்."