அடிக்காத பெல்லுக்குக் கூலி

"பெல் அடிச்சுதா? இல்லையே! அப்புறம் எதுக்குக் கூலி குடுக்கணும்ங்கறே?"

நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே மனைவியிடம் கேட்டார் வீட்டுக்காரர். வாசற்கதவுக்கு மேலே பெல்லை மாட்டிவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கிய எலக்ட்ரீஷியன், டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகியபடி தரையைப் பார்த்தான்.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. காலையிலிருந்து அந்த மனிதன் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறான். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. சுவிட்சைக் கழற்றினான், புதிது போட்டான். பெல்லையும் மாற்றினான். அழுத்தினால் சுவிட்ச் 'டொக்' என்கிறது, அவ்வளவுதான்.

"என்னங்க இப்படிப் பேசறீங்க? அவர் என்ன சும்மாவா உட்கார்ந்திருந்தார்? மத்த வேலையை எல்லாம் விட்டுட்டு வந்திருக்கார்."

"வந்தா முடிக்கணும். ஃபெயிலானவனுக்குப் பரிசு குடுக்கச் சொல்றியா?"

அவள் எலக்ட்ரீஷியன் பக்கம் திரும்பினாள். "தம்பி, சுவத்துக்குள்ள வயர் போயிடுச்சுன்னா, வெளியில ஒரு வயரை இழுத்துக் குடுத்துடுங்களேன். பார்க்க அசிங்கமா இருந்தாலும் பரவாயில்லை. சத்தம் கேட்டாப் போதும்."

அவன் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தான். "அதுவும் சரிப்படாதும்மா" என்று முனகினான். ஸ்க்ரூ டிரைவர்களை அள்ளிப் பைக்குள் திணித்தான். "நான் வர்றேன்."

கூலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போய்விட்டான்.

"இப்ப நிம்மதிதானே உங்களுக்கு?"

"பெல் இல்லாம என்ன குடி முழுகிப் போச்சு? வர்றவங்க கதவைத் தட்டட்டும்."

"எல்லாரும் தட்டுவாங்க. பாப்பா தட்டமாட்டா."



பாப்பா அவர்களுடைய ஒரே மகள். மனசுக்குப் பிடித்தவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று பிடிவாதமாக நின்றாள். "அப்படின்னா இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே" என்றார் இவர். அன்று மாலையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள்தான். எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூடப் பெற்றவளுக்குத் தெரியாது. ஃபோன் நம்பரும் மாறிவிட்டது. ஆனாலும் பெல் சத்தம் கேட்டால் போதும், அடுப்பில் எது இருந்தாலும் போட்டது போட்டபடி வாசலுக்கு ஓடுவாள். பால்காரர் நிற்பார். கூரியர்காரர் நிற்பார். வீடு மாறி வந்த யாரோ ஒருவர் அசடு வழிவார்.

"அவ உங்களை மாதிரியே ரோஷக்காரி. ஒரே ஒரு தடவை அழுத்துவா. கதவு திறக்கலைன்னா, இன்னும் கோபம் தீரலைன்னு நினைச்சுக்கிட்டுத் திரும்பிப் போயிடுவா."

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கல்நெஞ்சக்காரர் என்று மனசுக்குள் வைதாள். அலமாரியில் தன் கைச்செலவுக்கு வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடினாள்.

எலக்ட்ரீஷியன் தெருவோரம் பைக்கில் பையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இதை வாங்கிக்குங்க. அவர் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க."

"வேண்டாம்மா."

"உழைச்சதுக்குத்தானே? நீங்க வெறும் கையோட போனா எனக்குச் சோறு இறங்காது."

"ஐயோ, வேண்டாம்மா!" அவன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான். "ஒரே வேலைக்கு ரெண்டு தடவை வாங்கினா அந்தக் காசு ஒட்டாது. நீங்க உள்ளே டீ போட்டுக்கிட்டு இருந்தப்பவே சார் குடுத்துட்டார். கேட்டதுக்கு மேலேயே குடுத்தார்."

"அடிக்காத பெல்லுக்கா?"

அவன் தயங்கினான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "அடிக்காம இருக்கறதுக்குத்தாம்மா. வயரை வெட்டினதே அவர்தான். சரி பண்ணாம, பண்ற மாதிரி பாவனை காட்டிட்டுப் போகச் சொன்னார். ஏன் சார்னு கேட்டேன், வாயே திறக்கலை. எனக்கு மனசு கேக்கலைம்மா, அதான் சொல்லிட்டேன்."

எப்படிப் படியேறினாள் என்று அவளுக்கே தெரியாது. மூச்சு வாங்க அவர் எதிரில் போய் நின்றாள்.

"வெட்டினது நீங்கதானா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பெத்த பொண்ணு மேல இவ்வளவு வஞ்சமா? வந்து நின்னா அப்படியே திரும்பிப் போகட்டும்னுதானே? நீங்கள்லாம் ஒரு அப்பாவா?"

"ஒவ்வொரு தடவையும் ஓடுறே..." என்றார் அவர். "கதவைத் திறந்துட்டு, அவ இல்லேன்னு தெரிஞ்சதும் அப்படியே சிலை மாதிரி நிக்கறே. என்னால பார்க்க முடியலை."

"இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு வருவா. அப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவ முன்னால போய் நிப்பீங்க?"

அவர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"நின்னுட்டுத்தான் வந்தேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து அவ கட்டிக்கிட்ட அந்தப் பையன் ஃபோன் பண்ணினான். ஆபீஸ் வேலையா வெளியூர் போறேன்னு உன்கிட்ட பொய் சொல்லிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்றதுக்குள்ளே பாப்பா முகத்தைத் துணியால மூடிட்டாங்க."