குளிப்பாட்டுகிற கை

“பொம்பளையே இல்லாத ஊட்ல பச்ச உடம்புக்காரி இருக்கலாமா சம்பந்தி? நாலு பேர் இன்னா பேசுவாங்க?”

கள்ளிக்குப்பம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சாவித்திரி ஆரம்பித்துவிட்டாள். வந்த ஆட்டோவைக்கூட அனுப்பவில்லை. மகள் கிருஷ்ணப்பிரியாவையும் கைக்குழந்தையையும் இன்றே குமணன்சாவடிக்கு அழைத்துப் போய்விடும் முடிவோடு வந்திருந்தாள்.

“வாங்க சம்பந்தி. கால் எப்டி கீது?” என்றார் பரந்தாமன்.

“கட்டுப் பிரிச்சாச்சு. இந்தக் கால் மட்டும் முறியாம இருந்தா, ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா எங்க ஊட்டுக்குத்தான் இட்டுனு போயிருப்பேன். மாப்ள நிர்மலும் லீவு கெடைக்காம புனேல மாட்டிக்கினாரு. பிரியா, துணிய எடுத்து வை.”

“நா வர்ல. நைனாவ உட்டுட்டு எங்கியும் வர்ல” என்றாள் பிரியா, கட்டிலில் இருந்தபடியே மாமனாரைக் காட்டி.

பரந்தாமன் குளியலறை வாசலில் மணையைப் போட்டார். வேட்டியை மடித்துக்கொண்டு, கால்களை நீட்டி உட்கார்ந்தார்.

“நீங்களா குளிப்பாட்டப் போறீங்க? கழுத்து நிக்காத கொழந்த. வழுக்கினா இன்னா ஆறது?”

“பக்கத்துல குந்துங்க. ஒரு தப்பு கண்டுபுடிச்சீங்கன்னா ரெண்டு பேரையும் இட்டுனு போங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்.”



முழங்கையை விட்டு வெந்நீரின் சூடு பார்த்தார். எண்ணெய் தடவிய குழந்தையைக் கால்மேல் குப்புறப் போட்டு, முகத்தில் சொட்டு நீர் படாமல் முதுகில் ஊற்றினார். வீறிட்டுக்கொண்டிருந்த குழந்தை அடங்கிவிட்டது.

“சாம்பிராணி?”

“டாக்டர் வாணாம்ட்டாரு.”

“பத்தியம்?”

“பால் சுறா புட்டு, பூண்டுக் கொழம்பு. அடுப்பு மேல கீது, பாருங்க.”

சாவித்திரி மூடியைத் திறந்து பார்த்தாள். பிரியா பார்க்காதபோது ஒரு விள்ளல் வாயிலும் போட்டுக்கொண்டாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

“இதெல்லாம் எங்க கத்துக்கினீங்க?”

“அப்போ எஞ் சம்சாரம், போய்ச் சேந்துட்டாளே வசந்தா, அவ எஸ்டேட் கம்பெனில வேலைக்குப் போய்க்கினு இருந்தா. எனக்கு நைட் ஷிப்டு. பகல்லாம் எம் புள்ள நிர்மல் இந்தக் கால்மேலதான். தெருவுல ‘ஆயா’ன்னு கூப்டுவானுங்க. கூப்டுக்கட்டும். எம் புள்ள மொதமொதல்ல சிரிச்சது என் மூஞ்சியப் பார்த்து. அவனுங்களுக்குக் கெடைச்சுதா அது?”

“எனக்கு ஜுரம் வந்தப்போ விடிய விடியக் கொழந்தைய மார்ல போட்டுக்கினு நைனாதான் நடந்தாரு” என்றாள் பிரியா.

சாவித்திரி எழுந்துகொண்டாள். வெளியே போய் ஆட்டோவை அனுப்பிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிர்மலுக்குப் போன் போட்டாள்.

“மாப்ளே, எம் பொண்ணு இங்கியே இருக்கட்டும். பெத்தவ நான்கூட இப்டிப் பார்த்துக்க மாட்டேன். நீங்க எப்டியாச்சும் லீவு போட்டுட்டு வாங்க, உங்க நைனாகிட்ட கொழந்தையக் குளிப்பாட்டக் கத்துக்குங்க.”