அவள் சொன்ன மூன்று பேர்

மலேசியாவின் கிள்ளான் நகரில், பள்ளியொன்றின் ஆலோசனை அறையில் இருப்பவர்கள்: ஆலோசகர் தம்புசாமி சார், நான்காம் படிவத்து மாணவிகள் மார்க்கிரட், குணேஸ்வரி, தேன்மொழி, கதவோரமாகச் சிவமலர். வகுப்பில் வாசிக்க எழுந்தாலே சிவமலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். யாரைக் கண்டு பயம் என்று சார் போன வாரம் தனியாகக் கேட்டபோது, இந்த மூன்று பெயர்களைத்தான் சொன்னாள். “மனசு விட்டுப் பேசிக்குங்கம்மா, எல்லாம் சரியாப் போயிடும்,” என்கிறார் சார், முகமெல்லாம் சிரிப்பாக. மின்விசிறி கிறீச்சிடுகிறது. பாதி மூடிய சன்னலிலிருந்து வெயில் கோடு கோடாக மேசையில் விழுகிறது. மார்க்கிரட் ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிவிடுகிறாள். “எங்க பேரையா சொன்ன? வா லா மலர், பக்கத்துல ஒக்காரு.” மற்ற இருவரும் சத்தமில்லாமல் சிரிக்கிறார்கள். நீங்களும் இருங்க சார் என்று சொல்ல வாயெடுக்கிறாள் சிவமலர், காற்றுதான் வருகிறது. “யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க,” என்றபடி சார் வெளியேறி, கதவைச் சாத்திப் பூட்டுகிறார்.