சுரங்கத்துக்கு நல்ல நேரம்

"சுரங்கத்துல தண்ணி வடிஞ்சிடுச்சு அத்தை. உடனே திறந்துடலாம்" என்று பரபரத்தான் மேனேஜர் பிரதீப்குமார்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ராகு காலம் மாப்பிள்ளை. ஆறு மணி ஆகட்டும்" என்றாள் எஸ்டேட்டின் சொந்தக்காரியான மாமியார் விமலா.

பிரதீப்குமாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தோண்ட ஆட்கள் தயார். ஈயத்தை ஏற்றிச் செல்லக் கப்பலும் தயார். பக்கத்து எஸ்டேட்டை வைத்திருக்கும் அவன் மனைவி வர்ஷாவோ, அந்தக் கப்பலைத் தட்டிப் பறிக்கக் காத்திருந்தாள்.

"நாமதான் உலகத்தோட இந்தக் கோடியில, கெல்லிவில்ல இருக்கோம். சுரங்கம் இங்கிலாந்துல இருக்கே! அங்க இப்பதான் பொழுது விடியுது. ராகு காலத்துக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கு அத்தை."

விமலா யோசித்தாள். "அதுவும் சரிதான். திறங்க."

பிரதீப்குமார் சாமியைக் கும்பிட்டுவிட்டு, சாப்பாட்டு மேஜையில் விரித்திருந்த அட்டையின் மேல் பகடையை உருட்டினான். ஒன்று விழுந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு ஈயச் சுரங்கம் இடிந்தது, ஆட்டமும் முடிந்தது.

"கப்பல் எனக்கு! பாத்திரம் தேய்க்கிறது உங்களுக்கு!" என்று வர்ஷா கைதட்டினாள்.

விமலா மாப்பிள்ளையை முறைத்தாள்.

"சுரங்கம் எங்க வேணா இருக்கட்டும். பகடையை உருட்டினது கெல்லிவில்லதானே!"