தோல் நிறத் துணி

ஒரு விடுகதை. மலேசியாவின் ஜாசினில் துணிக்கடைக்குப் போய் "தோல் நிறம்" என்று கேட்டால் ஒரே துணியைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். அது யாருடைய தோல்?

யோசித்துக்கொண்டிருங்கள். அதற்குள் தேவிஸ்ரீ தையற்கடைக்குள் நுழைந்துவிட்டாள். கூடவே மகள் வாணி, ஆரம்பப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு மாணவி, எட்டு வயது.

"ஜானகியக்கா, டான்ஸ் ஆடுற எல்லாப் பிள்ளைக்கும் சட்டை குடுத்தாச்சு. என் பிள்ளைக்கு மட்டும் இல்ல. நாளைக்குப் போட்டி லா!"

"சட்டைக்குக் கை மட்டும் தைக்கணும்மா. இன்னிக்கு முடிஞ்சிரும்."

"நேத்தும் இதான் சொன்னீங்க. மத்தது எல்லாம் செவப்புப் பிள்ளைங்க, சீக்கிரம் தச்சாச்சு. என் பிள்ளை கறுப்பு, கடைசியில போட்டாச்சு. அப்படித்தானே?"

ஜானகி ஊசியில் நூல் கோத்தாள்.

"அம்மா, சட்டை இல்லாட்டி டீச்சர் என்னை உட்கார வச்சிருவாங்களா?" என்றாள் வாணி.

"எவ உட்கார வைக்கிறான்னு பாக்குறேன். கலர் பாத்து ஆளை ஒதுக்குறது இவங்களுக்கு வேலையாப் போச்சு."

ஜானகி உள்ளே போனாள். வலைத்துணியில் வெட்டிய இரண்டு சட்டைக் கைகளைக் கொண்டுவந்தாள். இன்னும் லேசாக ஈரம்.

"எல்லாருக்கும் வச்ச தோல் நிறத் துணியைத்தான் இவளுக்கும் வச்சுப் பாத்தேன். பிள்ளை கையில பேண்டேஜ் சுத்துன மாதிரி இருந்துச்சு. அதான் பால் ஊத்தாத தேத்தண்ணி, தே-ஓ கலக்கி ஊற வச்சேன். மொதல்ல ரொம்ப வெளுப்பு. அப்புறம் செம்மண்ணாட்டம் ஆயிருச்சு. நேத்து ராத்திரிதான் சரியா வந்துச்சு. கையை நீட்டு, வாணி."

வாணி நீட்டினாள். துணி எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

தேவிஸ்ரீ அந்தத் துணியைத் தடவிப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்தாள்.

"அக்கா, ஊற வைக்காத அந்தப் பழைய துணி இன்னும் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"அதையே வச்சுத் தச்சிருங்களேன். மேடையில கொஞ்சம் வெளுப்பாத் தெரியட்டும்."

ஜானகி பழைய துணியையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

"போடப்போறது அவதானே? அவளையே கேளுங்க."

வாணி தே-ஓவில் ஊறியதை எடுத்துக்கொண்டாள். வெளுத்ததை அம்மாவிடம் கொடுத்தாள்.