புல்லுக்கு வாங்கிய டயர்

பனி விழும் மலையில் ஒரு விடுதி இருந்தது. அதன் டிராக்டருக்கு இரண்டு ஜோடி டயர். வழவழ டயர் புல்தரையைக் கெடுக்காமல் ஓடும். தடித்த ரப்பர்க் கட்டை வைத்த டயர் பனியில் வழுக்காது.

குளிர் தொடங்கியதும் டயரை மாற்ற வேண்டும். அந்த வருஷம் முதலாளி சோம்பல்பட்டு, வழவழ டயரோடேயே பாதையில் பனி தள்ளப் போனார். டிராக்டர் வழுக்கிப் போய் வேலியை உடைத்து நின்றது.

"தண்டச்சோறு! நாளைக்கே உன்னைக் கொளுத்திக் குளிர்காயறேன்" என்று டயரை உதைத்தார்.

கொட்டகையில் கட்டை டயர் இளித்தது. "பனியில நிக்கப் பல்லு வேணும்டா, மொட்டை!"

வழவழ டயர் பொரிந்து தள்ளியது. "புல்லுக்கு வாங்கினவனைப் பனியில விட்டது யாருடா? அந்த ஆளைக் கேட்க உனக்கு வாயில்லை, என்கிட்ட பல்லைக் காட்டுறே!"

மறுநாள் முதலாளி சொன்னபடியே வழவழ டயரைக் கொளுத்தினார். கட்டை டயர் அந்தக் கரும்புகையைப் பார்த்துக்கொண்டே பனி தள்ளியது.

பனி உருகிப் புல் துளிர்த்தது. மிஞ்சிய டயரைப் போட்டே முதலாளி புல்தரையில் ஓட்டினார். அது உழுத வயல்போல் கிழிந்தது. இறங்கி வந்து கட்டை டயரை ஓங்கி உதைத்தார்.

"காட்டுப்பயலே! போனானே ஒருத்தன், தங்கம்டா அவன். அவன் ஓடினா ஒரு புல்லு நோகாது!"